காட்டைக் காத்தவர்களும் காட்டில் தங்கியவர்களும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உள்ள பயண முகவர் கடைகளின் கண்ணாடிகளில் ஊட்டி, மூணாறு, வயநாடு, குடகு என மலைநாட்டுப் பெயர்கள் ஏறிவிடும். அண்மைக் காலமாக அப்பெயர்களோடு ‘ஈகோ ரிசார்ட்’, ‘ஹோம்ஸ்டே’ என்னும் சொற்களும் சேர்ந்து வருகின்றன. ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் காத்துவந்த சோலையின் நடுவே, இயற்கைக்கு ஊறு செய்யாத வகையில் அமைந்த தங்குமிடம் என்று விளக்கம் தருவார்கள். மாணவர்களின் பெற்றோர் பலர் என்னிடம், “ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டவேண்டும், எங்கே தங்கலாம்?” என்று கேட்பதுண்டு. தமிழ் கற்பிப்பவருக்குக் குறிஞ்சித் திணை தெரியும் என்றால், குறிஞ்சியில் உள்ள விடுதிகளும் தெரிந்திருக்கும் என்று எண்ணுகிறார்கள் போலும்!

விடுதிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்த விளக்கத்தில் வரும் ‘ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் காத்த காடு’ என்ற தொடர் என்னை நிறுத்திவிட்டது. அப்படிக் காப்பதற்கு அக்குடும்பத்துக்குச் சட்டம் இடம் தந்ததா? விருந்தினர் தந்த பணம் காட்டை வளர்த்ததா, தின்றதா? காத்தவர் மறைந்த பின் காடு யாரிடம் போயிற்று? இக்கேள்விகளோடு சில நூல்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். படித்தவற்றை வரலாற்று முறையில் இங்குத் தொகுத்துத் தருகிறேன். தொடக்கம் நம் தீவிலிருந்தே அமையட்டும்.

சிங்கைத் தமிழரின் குடும்ப வரலாறுகளில் காடு என்பது ஓய்வெடுக்கும் இடமாக வருவது அரிது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் காட்டை ஊடறுத்துச் சாலைகள் அமைத்தார்கள். பின்னர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் காடழித்து ரப்பர் நட்டார்கள். காட்டை நாடாக்கியவன் என்று கரிகாலனைப் போற்றும் பட்டினப்பாலையின் மரபில் வந்தவர்கள் நாம். அதே மரபில், வெட்டக் கூடாத மரக்கூட்டத்துக்குக் ‘கா’ என்று பெயரிட்டு அங்கே தெய்வத்தை அமர்த்தியவர்களும் நாமே. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்று ஊர்ப் பெயர்களாகவே அச்சொல் நிலைத்துவிட்டது. ஐயனார் கோயில்காடுகள் இன்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உள்ளன. கேரளத்தில் குடும்பங்கள் தம் வீட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையைப் பாம்புக்காவாக விட்டுவைத்திருக்கும். வெட்டியவர், விட்டுவைத்தவர் என்ற இரு முன்னோர்களுமே நமக்கு உண்டு என்பதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

சிங்கப்பூரில் காட்டோரம் தங்கிய விருந்தினருள் உலகப் புகழ் பெற்றவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1854 ஏப்ரலில் இத்தீவுக்கு வந்த அவர், புக்கிட் தீமாவில் பிரெஞ்சுக் கத்தோலிக்க மறைப்பணியாளர் அனத்தோல் மோதுயி அவர்களின் இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் இருந்த குன்றுகளின் சரிவுகள் தோட்டங்களாகிவிட்டன. உச்சிகளில் மட்டும் மரங்கள் எஞ்சியிருந்தன. அந்த எச்சத்திலேயே, ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்குள், இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைத் தாம் சேகரித்ததாக 1869-இல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் அவர் எழுதுகிறார். மரம் அறுப்பவர்கள் விட்டுச்சென்ற பட்டைகளிலும் அழுகும் அடிமரங்களிலும் வண்டுகள் மொய்த்தன. அதனால் வெட்டும் கோடரியே அவருக்கு உதவியாகவும் அமைந்தது. புலிக்குப் பறித்த குழிகளில் விழுந்துவிடாமல் நடக்கவேண்டியிருந்ததையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

விருந்தோம்பிய பாதிரியார் காட்டைக் காக்கவில்லை. விருந்தினரும் அதற்காக வரவில்லை. எனினும் எஞ்சிய காடு, அறிவு தேடி வரும் ஒருவரை ஈர்க்க வல்லது என்பதை இத்தீவில் முதன்முதலாக எடுத்துக்காட்டிய தங்கல் அது என்பேன்.

காடு அவ்வளவு விரைவில் குன்றின் உச்சிக்கு ஒதுங்கியதற்குக் காம்பிர் பயிர் ஒரு பெருங்காரணம். தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட இச்செடியின் இலைகளை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கவேண்டும். அடுப்புக்கு விறகு பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தது. சில ஆண்டுகளில் மண் வலுவிழக்கும். தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். கைவிட்ட இடத்தில் லாலாங் புல் மண்டும். 1883-இல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் கான்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது, இத்தீவின் காட்டில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அதன் பிறகே ஒதுக்குக் காடுகள் வரையறுக்கப்பட்டன. 1951-இல் இயற்கைக் காப்பகங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. இன்று நாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் புக்கிட் தீமா காடு, ஏறத்தாழ 163 ஹெக்டேர், அரசு ஒதுக்கியதால் எஞ்சிய காடு. எந்தக் குடும்பமும் காத்துக் கொடுத்ததன்று.

குடும்பத்தின் கையில் நின்ற காடு இங்கே ஒன்று உண்டு. தாவரவியல் பூங்காவை ஒட்டிய டயர்சால் நிலம் அது. ஜொகூர் சுல்தான் அபு பக்கார் அங்கே கட்டிய டயர்சால் அரண்மனை 1892-இல் எழுந்து 1905-இல் தீக்கிரையானது. போர்க்காலத்தில் அந்நிலத்தில் இந்தியப் படையினரின் முகாமும் அத்தாப்புக் கூரை வேய்ந்த இராணுவ மருத்துவமனையும் இருந்தன. 1942 பிப்ரவரி 11 அன்று ஜப்பானியக் குண்டுவீச்சில் மருத்துவமனை எரிந்தது. எழுந்து ஓட இயலாத இந்திய நோயாளிகள் பலர் அங்கேயே மாண்டனர். பூங்காவுக்கு நடைபயிலச் செல்லும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? போருக்குப் பின் அந்நிலத்தில் மரங்கள் தாமே வளர்ந்து அடர்ந்தன. ஆனால் அது வேலியிட்ட காடு. விருந்தினருக்கு அங்கே இடமில்லை. மரத்தைக் காக்கும் நோக்கத்தைவிட, அரச குடும்பத்தின் சொத்து என்ற நிலையே அதை நிற்கவைத்தது.

சாதாரணக் குடும்பம் ஒன்று இத்தீவில் பத்து ஏக்கர் காட்டைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை வைத்திருந்திருக்க முடியுமா? 1966-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு அது நடவாத காரியம். பொதுத் தேவைக்கு எனில் எந்த நிலத்தையும் அரசு எடுக்கலாம். இழப்பீடு சந்தை விலைக்கு இணையாக நிர்ணயிக்கப்பட்டது 2007-க்குப் பிறகுதான். கம்போங்குகள் போய் வீவக வீடுகள் வந்தது இந்த வழியில். நெருக்கடி மிக்க சிறு நாட்டுக்கு அது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அதன் விளைவாக, காட்டைக் காப்பதும் காட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதும் பெரிய நிறுவனங்களின் பணியாகிவிட்டன. 2025 ஏப்ரலில் மண்டாயில் திறக்கப்பட்ட 338 அறைகள் கொண்ட மழைக்காட்டு விடுதி அதற்குச் சான்று. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நல்ல கட்டடம்தான். ஆனால் அங்கே ‘இந்தச் சோலையை என் பாட்டனார் விட்டுவைத்தார்’ என்று சொல்ல ஒருவர் இல்லை.

அப்படிச் சொல்லக்கூடியவர்களைத் தேடினால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போகவேண்டும். ஊட்டியிலிருந்து வயநாட்டுக்குப் போகும் வழியில் வரும் கூடலூர், விளம்பரங்களில் பெரிதாக இடம்பெறாத ஊர். இந்தியாவில் தனியார் காடுகளின் வரலாற்றை எழுதுபவர் அதைத் தவிர்க்க முடியாது என்பது என் கருத்து.

கூடலூர்ப் பகுதியின் நிலங்கள் மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர்க் கோவிலகத்தாருக்கு ஜென்ம நிலமாக இருந்தன. ஏறத்தாழ 80,000 ஏக்கர்! காடு, தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம், பழங்குடிகளும் செட்டிகளும் உழுத வயல் என எல்லாம் அதில் அடக்கம். 1949-இல் சென்னை மாகாணம் தனியார் காடுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. உரிமையாளர் அனுமதியின்றிக் காட்டை விற்கவோ மரத்தை வெட்டவோ கூடாது என்றது அது. ஜமீன்தாரி ஒழியப்போகிறது என்று அறிந்த நிலக்கிழார்கள், போவதற்குள் மரத்தைக் காசாக்கிவிடுவார்கள் என்ற அச்சமே அச்சட்டத்தின் தாய். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று.

அடுத்து 1969-இல் கூடலூர் ஜென்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் வந்தது. உழுதுகொண்டிருந்தவருக்குப் பட்டா, காடு அரசுக்கு என்பது அதன் சாரம். தோட்ட உரிமையாளர்கள் வழக்காடினார்கள். உழவருக்கு நிலம் தருவது நிலச் சீர்திருத்தம், காட்டை அரசு எடுத்துக்கொள்வது அதில் சேராது என்று 1972-இல் பால்மாடிஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு விடவில்லை. 1974-இல் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தி, கூடலூர்ச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணையில் நுழைந்த சட்டத்தை நீதிமன்றம் ஆராயலாமா என்ற பெருங்கேள்வி 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் முன்னிலையில் ஐ. ஆர். கோயலோ வழக்காக முடிந்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கும் சட்டமாயின் ஆராயலாம் என்பது விடை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இத்தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். அதன் வேர் கூடலூர்க் காட்டில் இருக்கிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பார்களோ, அறியேன்.

வழக்குகள் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது காட்டில் என்ன நடந்தது? மரம் போய்க்கொண்டிருந்தது. கோவிலகத்தாரின் கட்டுப்பாடு நீங்கியது. அரசின் கட்டுப்பாடு முழுமையாக வந்துசேரவில்லை. அந்த இடைவெளியில் லாரிகள் புகுந்தன. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, தம் குடும்பம் ஒரு காலத்தில் ஆண்ட காடு கண்ணெதிரே வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். நிலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை, வெட்டுவதை நிறுத்துங்கள் என்றார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான அமர்வு வழங்கிய ஆணை, ‘காடு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ளவேண்டும், அது யாருடைய உடைமையாயினும் சரி என்றது. நாடு முழுவதும் அனுமதி பெறாத வெட்டு நின்றது. மரம் அறுக்கும் ஆலைகள் மூடின. வழக்கு முடிக்கப்படாமல், தொடர் ஆணைகள் பிறக்கும் வழக்காகவே நீண்டது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு ‘காடு’ என்பதன் எல்லை சுருக்கப்பட்டபோதும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றில், மாநிலங்கள் 1996-ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றவேண்டும் என்று கூறியது. திருமுல்பாடு 2016-இல் மறைந்தார்.

(ஒரு சொல்லின் அகராதிப் பொருள் இத்தனை மரங்களைக் காப்பாற்றியது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். அகராதியைத் திறக்காதவர்களிடம் அகராதியின் பெருமையைப் பேசுவது வேறு கதை.)

இவ்வரலாற்றைக் கோவிலகத்தாரின் கண்வழி மட்டும் பார்ப்பது நீதியாகாது. கூடலூரில் குடியேறியவர்களுள் பெருந்தொகையினர் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு, தாம் பிறந்திராத தாயகத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தை அமைத்துக் காட்டு நிலங்களில் தேயிலை நட்டது. பிரிவு 17 நிலம் என்று அங்கே அழைக்கப்படும் தகராறு நிலத்தில் பட்டா இல்லாமல், மின் இணைப்புக்கும் அலைந்து காலம் தள்ளிய குடும்பங்கள் பல. காடு காக்கப்படவேண்டும் என்று சிங்கப்பூரில் அமர்ந்து எழுதுவது எளிது. நாடற்றவர் என்று இரு நாடுகளாலும் தள்ளப்பட்டவருக்கு அந்தக் காட்டு விளிம்பே வீடு.

கேரளத்தின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கூர்மையானது. தனியார் காடுகள் அனைத்தும் 1971 மே 10 முதல் இழப்பீடின்றி அரசுக்கு உரியவை என்றது அது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் போன்றவை பயிரிட்ட நிலங்களுக்கு விலக்கு. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பாட்டன் காலத்திலேயே காட்டை வெட்டிக் காப்பி நட்டவரின் பேரனுக்கு நிலம் நிலைத்தது. வெட்டாமல் விட்டுவைத்தவரின் பேரனுக்கு நிலம் போயிற்று. பெருநிலக்கிழாரிடம் குவிந்திருந்த காட்டைப் பொதுவாக்கவேண்டும் என்ற நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால், காட்டைக் காடாக வைத்திருப்பது ஆபத்து என்ற பாடத்தை மலைநாட்டுக் குடும்பங்கள் அன்று கற்றுக்கொண்டன. ஆகவே, தலைமுறைகளாகக் காத்த காடு என்று எவரேனும் இன்று கூறினால், 1971-ஐ அது எப்படிக் கடந்தது என்று நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அது காப்பிக்கு நிழல் தரும் மரக்கூட்டமாகவோ, தெய்வத்தின் பெயரால் நின்ற காவாகவோ, பிற்காலத்தில் விலைக்கு வாங்கி வளர்த்ததாகவோ இருக்கும்.

சட்டம் வேறு மாதிரியாகவும் இருந்திருக்கலாம் என்பதற்கு மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா சான்று. 1951-இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து சில குவேக்கர் குடும்பங்கள், கட்டாயப் படைச் சேவையை ஏற்க மனமின்றி, படையையே கலைத்துவிட்ட அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. மோன்தேவெர்தே மலையில் மாட்டுப் பண்ணை நடத்திய அவர்கள், ஓடைகளின் தலைப்பில் இருந்த காட்டைத் தண்ணீருக்காக வெட்டாமல் ஒதுக்கிவைத்தார்கள். 1972-இல் அங்கே காப்பகம் உருவாயிற்று. பறவை காண வருவோர் பெருக, தங்குமிடங்கள் முளைத்தன. 1996-ஆம் ஆண்டின் வனச் சட்டம், காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு அரசே பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. கேரளம் பறித்ததற்கு அந்நாடு படி கொடுத்தது. நான் அறிந்தவரை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் குறைவு.

இனி விருந்தினர் பக்கம் வருவோம். நீலகிரியின் வடசரிவுக்கும் மோயாற்றுப் பள்ளத்துக்கும் இடையே சீகூர்ச் சமவெளி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் அது. யானைக் கூட்டங்களுக்கு வேறு வழி இல்லை. அங்கிருந்த பட்டா நிலங்களில், மசினகுடியைச் சுற்றி, விடுதிகள் பெருகின. பலவும் காட்டின் பெயரைத் தாங்கியவை, இயற்கைக்கு நண்பன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டவை. ஆனால் விருந்தினரின் பாதுகாப்புக்கு மின்வேலி வேண்டும். வேலி வந்தால் யானையின் தடம் அறுபடும். இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் அடுத்தவை. தமிழ்நாடு அரசு 2010-இல் யானைத் தடத்தை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி இருபதுக்கு மேற்பட்ட விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பு யானைகளுக்கே சாதகமாயிற்று. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்குமிடத்தின் அருகே வந்த ஆண் யானையின் மீது எரியும் டயரை வீசிய செய்தி வந்தது. காதோரம் வெந்து அந்த யானை இறந்தது. அந்தக் காணொளியை நான் ஒருமுறைதான் பார்த்தேன்.

அவ்விடுதிக்காரர்களுள் சிலர், எங்கள் நிலத்தில் மரம் நிற்பது நாங்கள் நட்டதால், விடுதி இல்லையேல் நிலத்தைத் துண்டுபோட்டு விற்கவேண்டியதுதான் என்று வாதிட்டார்கள். இவ்வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. நான்கு அறைகள் கொண்ட வீட்டுக்குக் கிணற்று நீர் போதும். நாற்பது அறைகளுக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டும், டீசல் ஜெனரேட்டர் வேண்டும், குப்பைக்கு ஒரு குழி வேண்டும். நான் ஒரு முறை தங்கிய மலை விடுதி ஒன்றில் அறைக்குள் மூங்கில் குவளையும் துணிப்பையும் வைத்திருந்தார்கள். சமையலறைக்குப் பின்புறச் சரிவில் பார்த்தால் தண்ணீர்ப் புட்டிகளின் மலை!

அளவு அறிந்தவர்களுள் காசர்கோட்டு அப்துல் கரீமை முதலில் சொல்லவேண்டும். வளைகுடாப் பயணம் போவோருக்கான விமானச் சீட்டு வணிகத்தில் பொருளீட்டியவர். மனைவியின் ஊர்ப்பக்கம் புலியங்குளத்தில் செம்புறைக்கல் பாறையாய்க் கிடந்த 5 ஏக்கரை 1977-இல் 3,750 ரூபாய்க்கு வாங்கினார். ஊரார் சிரித்தார்கள். தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளில் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினார். முதலில் நட்டவை கருகின. விடாமல் நட்டார். சில ஆண்டுகளில் வறண்ட கிணற்றில் நீர் ஊறியது. பறவைகள் வந்தன, அவை விதைகளைக் கொண்டுவந்தன. நிலம் 32 ஏக்கராயிற்று. களை பறிப்பதில்லை, கிளை வெட்டுவதில்லை, உதிர்ந்த இலையை அள்ளுவதில்லை என்பது அவர் வகுத்த முறை. 1986 முதல் அந்தக் காட்டுக்குள்ளேயே குடியிருந்தார். தங்க விரும்பி வந்தோருக்கு எளிய தங்குமிடம் தந்தார். பெரிய உல்லாசப் பூங்காவாக மாற்றலாம் என்று பணத்தோடு வந்தவர்களை அனுப்பிவிட்டார். அவருடைய காட்டின் வருவாயைவிட, சுற்றுப்புறக் கிணறுகளில் ஏறிய நீர்மட்டமே அக்கம்பக்கத்தாரின் மனத்தை மாற்றியது.

மற்றொன்று குடகின் தெற்கே, பிரம்மகிரி மலையடியில். அனில் மல்ஹோத்ராவும் அவர் மனைவி பமேலாவும் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர்கள். 1991-இல் 55 ஏக்கர் வாங்கினார்கள். நெல்லும் காப்பியும் பயிரிட்டு, கட்டுபடியாகாமல் உழவர்கள் கைவிட்ட நிலங்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஏறத்தாழ 300 ஏக்கர் ஆக்கினார்கள். நடுவே ஓடும் ஓடையின் இருகரையும் தம் கைக்குள் வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மறுகரையில் மருந்தடித்தால் இக்கரைத் தவளையும் சாகும் அல்லவா? நட்டதைவிட வளரவிட்டது அதிகம். யானையும் புலியும் வந்து போயின. சூரிய ஒளியில் மின்சாரம் எடுத்து ஒரு சில விருந்தினர்களை மட்டும் தங்கவைத்தார்கள். சிறிய அளவில் ஏலமும் காப்பியும் உண்டு. ‘சாய் சரணாலயம்’ என்ற பெயரில் அறக்கட்டளை அமைத்தார்கள். 2017 மார்ச்சில் பமேலாவுக்கு நாரி சக்தி விருது வழங்கப்பட்டது.

இவ்விரு காடுகளிலும் விருந்தினர் பணம் காட்டை உருவாக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வேறிடத்தில் ஈட்டிய பணம் நிலத்தை வாங்கியது. விருந்தினர் தந்தது அன்றாடச் செலவுக்கு. எனவேதான் கூட்டத்தைக் குறைக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. வங்கிக் கடனில் கட்டிய விடுதிக்கு அத்துணிவு எப்படி வரும்? தவணை நாள் வந்தால் அறை நிரம்பியாகவேண்டும், பேருந்தில் வந்து இறங்கும் கூட்டத்துக்கும் கதவைத் திறந்தாகவேண்டும். பெற்றோர் என்னிடம் விடுதிப் பெயர் கேட்டால், அறைகள் எத்தனை, தண்ணீர் எங்கிருந்து, வேலி எத்தகையது, உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று தொலைபேசியில் விசாரிக்கச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் விடுதிகளே அதிகம் என்று விசாரித்தவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

வாரிசுச் சிக்கல் மட்டும் தீரவில்லை. அனில் மல்ஹோத்ரா 2021 நவம்பரில் மறைந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலத்துக்குப் பிள்ளையாக இருக்கட்டும் என்றுதான் அறக்கட்டளை. பிள்ளைகள் உள்ள குடும்பங்களிலோ பாகப்பிரிவினை வரும், பெங்களூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் தம் பங்கை விற்கச் சொல்வார்கள். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஓர் ஊரோ தனியொருவரோ தாமாக முன்வந்தால், அவர்தம் நிலத்தைச் சமூகக் காப்பகமாக மாநில அரசு அறிவிக்கலாம். உரிமை நிலத்துக்காரரிடமே இருக்கும். அறிவித்த பின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி நிலத்தின் பயன்பாட்டை மாற்ற இயலாது. பேரன் விற்றாலும் வாங்குபவர் அங்கே நாற்பது அறைகள் கட்டமுடியாது. வடகிழக்கில், குறிப்பாக மேகாலயத்தில், ஊர்கள் பல இவ்வாறு முன்வந்துள்ளன. மலபாரிலும் கூடலூரிலும் 1969-ஐயும் 1971-ஐயும் நினைவில் வைத்திருக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், தம் நிலத்தில் காடு இருக்கிறது என்று தாமே எழுதி அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாரா?